முறையும் அறமும்: கொத்தடிமை முறையை முன்வைத்துப் பொருளியல் அமைப்பை அறநோக்கில் மதிப்பிடல்

முன்னுரை

அறம் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் தனிமனிதரை மையமாகக் கொண்டே அமைந்துள்ளன. ஈகை, வாய்மை, வெஃகாமை, கள்ளாமை எனப் பகுத்து ஆராயும்போது நன்மையும் தீமையும் ஒருவரது மனத்திலும் செயலிலும் தங்கியிருப்பனவாகவே கொள்ளப்படுகின்றன. ஒரு நிலவுடைமையாளர் கொடியவர் என்றோ, ஒரு வணிகர் நேர்மையானவர் என்றோ கூறுவதில் எவருக்கும் இடர்ப்பாடு இல்லை. ஆனால், அந்நிலவுடைமையாளரும் அவரிடம் உழைப்பவரும் எந்த ஒழுங்கினுள் நின்று கொடுக்கவும் வாங்கவும் செய்கின்றனரோ, அந்த ஒழுங்கையே அறமற்றது எனக் கூறலாமா என்ற வினா எழும்போது தயக்கம் தோன்றுகிறது. ஒழுங்குக்கு மனம் இல்லை, நோக்கம் இல்லை, அது எவரையும் அடிப்பதும் இல்லை, ஏமாற்றுவதும் இல்லை. அதன்மீது பழி சுமத்துவது, மழை பொய்த்தமைக்காக வானத்தைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது போன்றதாகாதா என்று கேட்கலாம்.

இவ்வினாவுக்கான விடையைப் பொறுத்தே கடமையின் எல்லை அமைகிறது. இயலாது என்பது விடையாயின், தீயவரைக் கண்டறிந்து தண்டிப்பதோடு சமுதாயத்தின் பொறுப்பு முடிந்துவிடும். இயலும் என்பது விடையாயின், எவரும் தீயவராக இல்லாத இடத்திலும் மாற்றப்பட வேண்டிய ஒன்று இருக்கக்கூடும். இந்தியாவின் கொத்தடிமை முறையைச் சான்றாகக் கொண்டு, பொருளியல் அமைப்பு ஒன்றை அறநோக்கில் தவறானது எனத் தீர்மானிக்க இயலும் என்பதையும், அத்தீர்மானத்துக்குரிய அளவுகோல்கள் எவை என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'முறை' என்னும் சொல்

பொருளியல் அமைப்பைக் குறிக்கத் தமிழில் பெருவழக்காக உள்ள தொடர் 'பொருளாதார முறை' என்பது. இத்தொடரில் வரும் 'முறை' என்னும் சொல் வரிசை, ஒழுங்கு, வழக்கம் ஆகிய பொருள்களைத் தருவதோடு நீதி என்ற பொருளையும் தருகிறது. செங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர் இச்சொல்லை நீதி என்ற பொருளிலேயே ஆள்கிறார். இன்றைய வழக்கிலும் 'முறையிடுதல்' என்பது நீதி வேண்டி நிற்றலையும், 'முறைகேடு' என்பது நீதி பிறழ்தலையும் குறிக்கின்றன. ஒழுங்கையும் நீதியையும் ஒரே சொல்லால் சுட்டும் மொழியில், ஒழுங்கு ஒன்று நீதியோடு பொருந்துகிறதா என்று கேட்பது இயல்பான வினாவேயாகும்.

'கொடுங்கோல்' என்னும் சொல்லாட்சியும் எண்ணத்தக்கது. கொடுமை என்பதற்கு வளைவு என்ற பொருளும் உண்டு. இங்கு வளைந்ததாகச் சொல்லப்படுவது அரசனின் மனம் அன்று. அவன் கையிலுள்ள கோல். ஆட்சியின் கருவியே பிழைபட்டதாகக் கூறப்படுகிறது. இரவச்சம் அதிகாரத்தில் வள்ளுவர் இதனினும் ஒரு படி மேற்செல்கிறார். பிச்சையெடுத்து உயிர்வாழ வேண்டும் என்ற நிலை உலகில் இருக்குமாயின், அவ்வாறு உலகை அமைத்தவன் அலைந்து கெடட்டும் என்பது அவர் கூற்றின் சாரம். அவ்வமைத்தவனைப் பரிமேலழகர் படைப்புக் கடவுளாகக் கொண்டார். நாட்டை ஆள்வோனாகக் கொள்வாரும் உளர். எவ்வாறு கொள்ளினும், கொடாதவன்மீதோ இரப்பவன்மீதோ விழாத பழி உலகின் அமைப்புக்குக் காரணமானவன்மீது விழுகிறது என்பது தெளிவு.

சொல்லாராய்ச்சியோ இலக்கியச் சான்றோ மட்டும் ஒரு மெய்யியல் வினாவைத் தீர்த்துவிடாது. எனினும், அமைப்பை அறத்தால் மதிப்பிடுவது அண்மைக் காலத்தில் வெளியிலிருந்து வந்த எண்ணம் என்ற கருத்து பொருந்தாது என்பதற்கு இவை போதிய சான்றுகளாம்.

கொத்தடிமை முறை: வரலாற்றுச் சுருக்கம்

1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளில் அடிமையுடைமைக்கு நீதிமன்றங்கள் அளித்துவந்த ஏற்பை விலக்கியது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் மனிதரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. ஆனால், இவ்விரண்டுக்கும் இடையில் 1859இல் பதின்மூன்றாம் சட்டம் இயற்றப்பட்டது. முன்பணம் பெற்றுக்கொண்டு வேலையை நிறைவேற்றாத தொழிலாளரை, வேலையைச் செய்து முடிக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ பணிக்கவும், பணியாதவரைச் சிறைக்கு அனுப்பவும் அது வழிசெய்தது. 1925இல் இயற்றப்பட்ட நீக்கச் சட்டமே அதற்கு முடிவு கட்டியது. மனிதர்மீதான உடைமையை ஏற்க மறுத்த அதே நீதிமன்றம், மனிதர்மீதான கடனை நிறைவேற்றித் தரும் இடமாகியது.

1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 23ஆம் உறுப்பு கட்டாய உழைப்பைத் தடைசெய்தது. அதன்பின் கால் நூற்றாண்டு கழித்து, 1975 அக்டோபர் 25இல் அவசரச் சட்டமாக வந்து, 1976இல் நாடாளுமன்றச் சட்டமாகியது கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். குடிமக்களின் உரிமைகள் முடக்கப்பட்டிருந்த நெருக்கடி நிலைக் காலத்தில், விடுதலை வழங்கும் இச்சட்டம் பிறந்தது வரலாற்றின் முரண்.

இச்சட்டத்தில், கடன் கொடுத்தவருக்கும் கடன்பட்டவருக்கும் இடையே உடன்பாடு இருப்பதாகச் சமூக வழக்கத்தால் கருதப்படும் உழைப்பு வடிவங்களின் நீண்ட பட்டியல் ஒன்று உள்ளது. அடியமார், செருமார், ஜீதா, பாலேரு, ஹர்வாய், கமியா, சாக்ரி எனப் பல மாநிலச் சொற்களோடு படியாள், பண்ணையாள், வெட்டி ஆகியனவும் அதில் இடம்பெற்றுள்ளன. இவற்றுள் 'வெட்டி' என்பது சோழர் கல்வெட்டுகளில் ஊதியமின்றிச் செய்யும் கட்டாய உழைப்பைக் குறித்து வரும் சொல். அதனை வடமொழி 'விஷ்டி' என்பதோடு தொடர்புபடுத்துவர். இன்றைய பேச்சில் பயனற்ற வேலை 'வெட்டி வேலை' எனப்படுகிறது. கல்வெட்டில் வரி இனமாகப் பதிவான ஒன்று, மக்கள் வாயில் வீண் என்று பொருள்படுகிறது.

தென்குஜராத்தின் ஹாலி முறையை ஆராய்ந்த யான் பிரேமன் 1974இல் வெளியிட்ட நூல், இம்முறை எவ்வாறு இயங்கியது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. நிலமற்ற உழைப்பாளி தன் திருமணச் செலவுக்கு நிலவுடைமையாளரிடம் கடன் பெறுவதில் பிணைப்பு தொடங்கும். பஞ்சகாலத்திலும் நோய்க்காலத்திலும் ஆண்டையே தானியம் கொடுப்பார். அதுவும் கடனில் சேரும். இக்கடன் தீர்க்கப்படும் என்று இரு தரப்பினருமே எதிர்பார்த்ததில்லை. பிற கடன்களில் கொடுத்தவர் பணம் திரும்பவேண்டும் என்று விரும்புவார். இக்கடனிலோ, பணம் திரும்பினால் கொடுத்தவருக்கு ஆள் இழப்பு. தீராமல் இருப்பதே இக்கடனின் பயன்.

முதல் தடை: நோக்கம் இல்லாத இடத்தில் குற்றம் இல்லை

அமைப்பை அறத்தால் மதிப்பிட இயலாது என்ற வாதத்தை மிகத் தெளிவாக முன்வைத்தவர் ஃபிரெடரிக் ஹயேக். 'சட்டம், சட்டமியற்றல், சுதந்திரம்' என்ற அவரது நூலின் இரண்டாம் தொகுதி 1976இல் வெளிவந்தது. நீதி, அநீதி என்பன மனிதச் செயலுக்கே உரிய பண்புகள் என்றும், எண்ணற்றோர் செயல்களின் விளைவாக எவரும் திட்டமிடாமல் உருவாகும் சந்தை ஒழுங்கின் விளைவுகளை அநீதி என்பது பொருளற்றது என்றும் அவர் வாதிட்டார். இந்தியா ஒரு முறையையே பெயர் சுட்டி ஒழித்த அதே ஆண்டில், முறைக்கு அநீதி என்ற அடைமொழி பொருந்தாது என்ற வாதமும் அச்சேறியது.

இவ்வாதத்தில் ஒரு பகுதி உண்மை. விளைவு துன்பமானது என்பதனாலேயே அதற்குக் காரணமான ஒழுங்கு தவறாகிவிடாது. ஆனால், ஹயேக் தாமே ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளார். ஒரு நிலைமையை உண்டாக்கியவர் மட்டுமன்றி, அது உண்டாக இடங்கொடுத்தவர் என ஒருவரைப் பொறுப்பாக்க இயலுமாயின் அந்நிலைமைக்கு அநீதி என்ற சொல் பொருந்தும் என்பதை அவர் ஏற்கிறார். கொத்தடிமை முறை வறட்சியைப் போலத் தானே வந்ததன்று. 1859இன் சட்டம் அதனைத் தாங்கியது, நீதிமன்றம் தாங்கியது, பிடித்துக் கொணரும் காவலர் தாங்கினர், ஓடியவருக்கு வேலை தராத அண்டைப் பண்ணையார் தாங்கினர். திட்டமிட்டவர் இல்லை எனினும் தாங்கியவர் உளர். 1843, 1925, 1976 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் மாற்றியமைக்க முடிந்த ஒன்று, மாற்றாமல் விடப்பட்டிருந்த காலத்திலும் மனிதர் பொறுப்பிலேயே இருந்தது.

இரண்டாம் தடை: ஒப்புதல்

உழைப்பாளி தாமாக வந்து கடன் கேட்டார். நிபந்தனை அறிந்தே வாங்கினார். அவ்வாறிருக்க அநீதி எங்கே என்பது அடுத்த தடை. இதன் வலிமையை உணரத் திருப்பாம்புரம் கல்வெட்டு உதவும். 1201ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, பஞ்சத்தின் கொடுமையால் வேளாளர் ஒருவர் தம் இரு மகளிருடன் தம்மைக் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்டதைப் பதிவுசெய்கிறது. அவரை எவரும் வற்புறுத்தியதாகச் செய்தி இல்லை. விலை கொடுத்திராவிடில் மூவரும் பசியால் மடிந்திருக்கக்கூடும். விற்றவர் மகிழ்ந்திருக்கலாம், வாங்கியவர் கருணையோடே வாங்கியிருக்கலாம்.

இங்கு இரு வேறு மதிப்பீடுகளைப் பிரித்தறிதல் வேண்டும். அன்றைய நிலையில் அவ்விற்பனை உயிர்காத்தது என்பது ஒன்று. உயிர்காக்கும் வழியாகத் தன்னையும் தன் மக்களையும் விற்பது மட்டுமே எஞ்சியிருந்த ஒழுங்கு எத்தகையது என்பது மற்றொன்று. முன்னது செயலின் மதிப்பீடு. பின்னது முறையின் மதிப்பீடு. முன்னதற்கு நன்று என விடையளிப்பவர் பின்னதற்கும் அவ்வாறே விடையளிக்க வேண்டியதில்லை.

ஒப்புதலின் இயல்பை வள்ளுவர் கொடுங்கோன்மை அதிகாரத்தில் ஆராய்ந்துள்ளார். கோல் ஏந்திய மன்னன் குடிகளிடம் பொருளை இரந்து கேட்பது, வேல் ஏந்தி வழிமறிப்பவன் கொடு என்பதற்கு ஒப்பாகும் என்கிறார். வடிவத்தால் அது வேண்டுகோள். கேட்பவன் அச்சுறுத்தவும் இல்லை. ஆயினும், மறுக்க இயலாதவரிடம் கேட்கப்படும் வேண்டுகோள் கட்டளையே என்பது குறளின் கருத்து. 1982இல் உச்ச நீதிமன்றம் இதே முடிவுக்கு வேறு வழியில் வந்தது. தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கான கட்டுமானப் பணியில் ஈடுபட்ட தொழிலாளர் தொடர்பான வழக்கில், வறுமையும் பசியும் ஒருவரை வேறு வழியின்றிக் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழ் உழைக்கச் செய்யுமாயின் அதுவும் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். வற்புறுத்தல் ஒரு மனிதரின் கையிலிருந்து மட்டுமன்றிச் சூழ்நிலையிலிருந்தும் வரலாம் என்பது இத்தீர்ப்பின் உட்கிடை.

மூன்றாம் தடை: காலத்துக்குக் காலம் அறம் மாறும்

ஒவ்வொரு பொருளியல் அமைப்பும் தனக்குரிய நீதியைத் தானே தோற்றுவிக்கிறது; ஆகவே ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை அளத்தல் தகாது என்பது மூன்றாவது தடை. 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில், ஒரு கொடுக்கல்வாங்கல் அக்கால உற்பத்தி முறையோடு இயைந்திருப்பதே அதன் நீதி என்ற கருத்தை மார்க்ஸ் கூறுகிறார். இதனைக் கொண்டு, மார்க்ஸ் முதலாளியத்தை அநீதி எனக் கண்டிக்கவில்லை என்று ஆலன் உட் 1972இல் வாதிட்டார். இந்தியச் சூழலில் இத்தடைக்கு நுட்பமான வடிவம் தந்தவர் ஞான் பிரகாஷ். தென்பீகாரின் கமியாக்களைப் பற்றிய தம் 1990ஆம் ஆண்டு நூலில், சார்பும் கொடையுமாக விளங்கிய பழைய உறவை, சுதந்திரம், அடிமைத்தனம் என்ற இரு பெட்டிகளுக்குள் அடைத்துக் கடன்பிணைப்பாக மாற்றியதில் காலனிய ஆட்சியின் பங்கை அவர் விளக்குகிறார்.

இவ்வெச்சரிக்கை ஏற்கத்தக்கது. பெயர்கள் காலத்தால் மாறுகின்றன. உறவுகளின் பொருளும் மாறுகிறது. ஆனால், ஒரு காலத்தின் அறவுணர்வு என்பது அக்காலத்தில் ஏடெழுதியோரின் அறவுணர்வு மட்டும் அன்று. ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி'யை எழுதி, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். தம் நாட்டின் வழக்கத்தை இன்னொரு நாட்டின் அடிமைத்தனத்தோடு ஒப்பிட்டுக் காண அவருக்குப் பிற்காலத்தவரின் அளவுகோல் தேவைப்படவில்லை. சாதி என்பது தொழிலைப் பகுப்பதோடு நில்லாமல் தொழிலாளரையே பகுக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் காட்டினார். முறையின் அடித்தளத்தில் இருந்தோர் ஓடிப்போயினர் என்பதற்கு, ஓடியவரைப் பிடிக்க இயற்றப்பட்ட விதிகளே சான்று. எல்லாரும் ஏற்ற ஒழுங்குக்குத் தப்பியோடுவோரைத் தடுக்கும் விதி வேண்டியிராது.

அளவுகோல்கள்

மேற்கண்ட தடைகளும் விடைகளும் மூன்று அளவுகோல்களைத் தருகின்றன. முதலாவது, அமைப்பு மனிதர் ஆக்கிய விதிகளாலும் வழக்கங்களாலும் நிலைபெற்றிருத்தல். இரண்டாவது, தீங்கு அவ்வமைப்பின் எரிபொருளாக இருத்தல். இயந்திரத்தில் ஏற்படும் கசிவை அடைக்கலாம். எரிபொருளை நிறுத்தினால் இயந்திரமே நின்றுவிடும். கடன் தீர்ந்தால் கொத்தடிமை முறை இல்லை. ஆகவே கடன் தீராமை அதன் குறையன்று, அதன் உயிர்.

மூன்றாவது அளவுகோல் இவற்றினும் ஆழமானது. ஓர் அமைப்பு தன்னுள் வாழ்வோரின் நற்பண்புகளையே தீங்கின் கருவிகளாக்குமாயின் அது அறமற்றது. திருமணத்துக்குக் கடன் கொடுப்பது ஈகை. வாங்கிய கடனைத் திருப்பித் தரவேண்டும் என்று எண்ணுவது நேர்மை. செய்த உடன்பாட்டை வேறுபாடு பாராது நிறைவேற்றித் தருவது நடுவுநிலைமை. ஆண்டையின் ஈகையும், உழைப்பாளியின் நேர்மையும், நீதிமன்றத்தின் நடுவுநிலைமையும் கூடி, பிறக்கப்போகும் குழந்தையையும் பிணைக்கும் கயிறு முறுக்கப்பட்டது. இம்மூவருள் எவரைக் குற்றம் சாட்டினாலும் குற்றம் முழுமையாக அவரிடம் தங்காது. தனிமனித ஒழுக்கத்தை மட்டும் அளக்கும் அறவியல் இவ்விடத்தில் பேச்சற்று நிற்கிறது. எவரும் தீயவராக இல்லாமலே தீங்கு நிகழ்கிறது எனில், தீமை அவர்களை இணைக்கும் முறையில் இருக்கிறது என்பதே எஞ்சும் விடை.

1976இன் சட்டம் இந்நுட்பத்தை உணர்ந்தே அமைந்திருக்கிறது. அது முதலில் முறையை ஒழிக்கிறது. வழக்கமும் உடன்பாடும் செல்லாது என்கிறது. கடனைத் திருப்பித் தரும் பொறுப்பையே அழிக்கிறது. கொத்தடிமைக் கடன் அன்று என மெய்ப்பிக்கும் சுமையைக் கடன் கொடுத்தவர்மீது ஏற்றுகிறது. எல்லாவற்றினும் குறிப்பிடத்தக்கது, அழிந்துபோன அக்கடனுக்காகப் பணம் பெறுவதையும் அது தண்டனைக்குரியதாக்குவதாகும். உழைப்பாளி மனமுவந்து கொடுத்தாலும் வாங்குதல் குற்றம். நேர்மை என்ற பண்பே கயிறாகிவிட்ட இடத்தில், அப்பண்பின் பிடியிலிருந்தும் ஒருவரை விடுவிக்க வேண்டியிருந்தது.

அளவுகோல்களின் எல்லை

இவ்வளவுகோல்கள் எந்த ஒரு கொள்கைக்கும் சார்பானவை அல்ல. சோவியத் ஒன்றியத்தில் 1932 இறுதியில் உள்நாட்டுக் கடவுச்சீட்டு முறை கொணரப்பட்டபோது கூட்டுப்பண்ணை உழவருள் பெரும்பாலோருக்கு அது வழங்கப்படவில்லை. 1974இன் ஆணையே அவர்களுக்கு அவ்வுரிமையை அளித்தது. தனியுடைமை நீங்கிய அமைப்பிலும் வெளியேற இயலாமை உற்பத்தியின் அடித்தளமாக இருந்தது. அதனையும் இதே அளவுகோலால் அளத்தல் வேண்டும்.

அதேபோன்று, ஓர் அமைப்பினுள் ஏழைகள் இருக்கின்றனர் என்பதனால் மட்டும் அது தவறானது எனத் தீர்ப்பளிக்கவும் இயலாது. முதலாளியம், சமவுடைமை என்பன பல விதிகளின் தொகுதிகள். அவற்றுள் சில தீங்கை எரிபொருளாகக் கொள்ளும், சில கொள்ளா. பெரும்பெயர்களை ஒட்டுமொத்தமாகப் போற்றுவதோ தூற்றுவதோ ஆய்வுக்கு உதவாது. எந்த விதி, யாருடைய இயலாமையைக் கொண்டு இயங்குகிறது என்று கேட்பதே பயன்தரும்.

தீர்ப்பின் பயன்

முறையின்மீது தீர்ப்பளிப்பதால் நடைமுறையில் விளைவது யாது என்ற வினாவுக்கு, விடுவிக்கப்பட்டோரின் மறுவாழ்வு விடையாகும். 1978இல் தொடங்கிய மறுவாழ்வு உதவித் திட்டம் 2016இல் திருத்தப்பட்டு, ஒருவருக்கு 1 லட்சம், 2 லட்சம், 3 லட்சம் ரூபாய் என மூன்று நிலைகளில் உதவித்தொகை உயர்த்தப்பட்டது. எனினும், முழுத்தொகையின் இறுதி வழங்கல் குற்றவாளி தண்டிக்கப்படுவதோடும் நீதிமன்ற நடவடிக்கையின் முடிவோடும் பிணைக்கப்பட்டது. உடனடி உதவி மட்டும் இதற்கு விலக்காக இருந்தது. 2022இல் அது 30,000 ரூபாய் வரை உயர்த்தப்பட்டது.

இதனைக் கூர்ந்து நோக்கினால், சட்டம் முறையைக் குற்றவாளியாக்கிய இடத்திலிருந்து திட்டம் மீண்டும் தனிமனிதரிடம் திரும்பியமை புலப்படும். தீங்கு முறையில் இருக்குமாயின், ஒருவர் பிணைக்கப்பட்டிருந்தார் என்பதே அவருக்குரிய ஈட்டுக்குப் போதிய காரணம்; பிணைத்தவரின் குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை. காத்திருக்கும் காலத்தில் நிலமும் வேலையும் இல்லாதவர் அடுத்த முன்பணத்தை நாடுவார். முறையை மதிப்பிட மறுக்கும் மெய்யியல் பிழை, விடுதலை பெற்றவரை மீண்டும் சூளைக்கும் குவாரிக்கும் அனுப்பும் நிருவாகப் பிழையாகிறது.

மணிமேகலைக் காப்பியத்தில் இதற்கு ஒளிதரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அமுதசுரபி ஏந்திய மணிமேகலை சிறைக்கோட்டத்துள் சென்று பசித்தோர்க்கு உணவளிக்கிறாள். செய்தியறிந்த மன்னன் அவளை அழைத்து வேண்டுவது யாது என வினவுகிறான். வற்றாத கலம் கையில் இருந்தும் அவள் நாள்தோறும் உணவளிக்க இசைவு கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்க வேண்டுகிறாள். ஈகையின் எல்லை எங்கு முடிகிறது, அமைப்பின் மாற்றம் எங்குத் தொடங்கவேண்டும் என்பதைச் சாத்தனார் ஒரு வேண்டுகோளில் உணர்த்திவிடுகிறார்.

முடிவுரை

பொருளியல் அமைப்புக்கு மனம் இல்லை என்பது உண்மை. ஆயினும், அதனை ஆக்குவதும் தாங்குவதும் மாற்றுவதும் மனிதரே ஆதலின் அது அறத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டதன்று. மனிதர் விதிகளால் நிலைபெற்று, தீங்கையே எரிபொருளாகக் கொண்டு, நற்பண்புகளையும் தீங்கின் கருவிகளாக்கும் அமைப்பு அறமற்றது எனத் தயக்கமின்றிக் கூறலாம். கொத்தடிமை முறை இம்மூன்றுக்கும் பொருந்திய சான்று. இத்தீர்ப்பு தனிமனிதரைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதில்லை. தாம் நல்லவராக இருப்பது மட்டும் போதும் என்ற நிறைவிலிருந்தே விடுவிக்கிறது. முறை என்ற சொல்லுக்கு நீதி என்றும் பொருள்கொண்ட மொழியில், முறையற்ற முறை ஒன்று இருக்கக்கூடும் என்பதும், அதனை அவ்வாறே பெயரிட்டு அழைத்தல் அறிஞர் கடமை என்பதும் பெறப்படும்.